ஈர முந்தானை: பேய்க்கதையில் முன்குறிப்பு வைப்பது எப்படி?

பேய்க்கதை எழுத உட்காருகிற பலரும் முதல் வரியிலேயே நாயை ஊளையிட வைத்துவிடுகிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். வாசகர் அப்போதே உஷாராகிவிடுவார். பின்னால் வரப்போவதை யாரும் சந்தேகப்படாதபடி முன்னாலேயே போட்டுவைப்பதுதான் முன்குறிப்பு. தனுஷ்கோடியில் ஒரு கதை கட்டிப் பார்ப்போம்.

முதலில் முடிவை எழுதுங்கள். நம் முடிவு: தனுஷ்கோடிக்கு வந்த ஒருவனுக்கு ஊற்றடியில் தண்ணீர் கொடுத்த கிழவி, 1964 புயலில் போனவள். பழைய முடிவுதான், பரவாயில்லை.

அடுத்து, அந்த முடிவிலிருந்து ஒன்றே ஒன்றை உருவி முன்னால் கொண்டுவாருங்கள். கடலோடு போனவள் சேலை நனைந்திருக்கும். அந்த ஈரம் போதும்.

இனிதான் வேலை. ஈரத்தை மூன்று முறை காட்ட வேண்டும். முதல் முறை அதற்குச் சாதாரணக் காரணம் இருந்தே ஆக வேண்டும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். அதை வைத்துக்கொள்ளுங்கள்:

"குனிந்து சிரட்டையால் மோந்தாள். முந்தானை நனைந்திருந்தது. 'குடி அப்பு, உப்புக் கரிக்காது' என்றாள்."

ஈரம் நடுவில் இருக்கிறது பாருங்கள். கடைசியில் வைத்தால் கண்ணில் குத்தும். கிழவியின் பேச்சு வாசகரை இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாம் முறை காரணத்தை எடுத்துவிடுங்கள். உச்சி வெயில். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிறது, காயப்போட்ட கருவாடு விறைத்துக் கிடக்கிறது. சிப்பி கிழித்த அவன் காலுக்குக் கட்ட முந்தானையைக் கிழிக்கிறாள், துணி சொட்டுகிறது. ஏன் என்று கதையில் யாரும் கேட்கக் கூடாது. வாசகர் கேட்டுக்கொள்வார், திகில் அங்கேதான் பிடிக்கும்.

மூன்றாம் முறை, ராமநாதபுரத்தில் அவன் வீட்டு மொட்டைமாடி. கொடியில் போட்டு மூன்று நாளாகியும் அந்தத் துணி காயவில்லை. விளக்கம் எழுதாதீர்கள்.

சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: தேதி. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடி போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேதியைப் போட்டு, ஜன்னலோர இடத்துக்கு அடம்பிடிக்கும் ஒரு சிறுமியை ரயிலில் ஏற்றிவிடுங்கள். அவளுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். பயமுறுத்தும் வார்த்தை ஒன்றுகூடத் தேவையில்லை.

எழுதி முடித்ததும் நாய், ஆந்தை எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். பல்லியை மட்டும் விட்டுவைக்கலாமா என்று யோசித்தேன். ஓலைக்குடிசையில் பல்லி கத்தாத நாள் ஏது? அதையும் அடித்துவிட்டேன்.