பல்லைப் பிடுங்கிய பாம்பு: டெட்டனஸ் நச்சின் ஒரு துண்டைத் தயாரிப்பது எப்படி?

தை மாதம் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் மாடு குத்தி வருபவருக்குத் தவறாமல் போடுவது டிடி ஊசி. ரணஜன்னி என்னும் டெட்டனஸுக்கான அந்த மருந்தை இன்றும் பழைய வழியில்தான் தயாரிக்கிறார்கள்: கிருமியை வளர்த்து, அது கக்கும் நச்சை எடுத்து, ஃபார்மலின் விட்டு முடக்குகிறார்கள். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு வழி. இதில் கிருமியும் வேண்டாம், முழு நச்சும் வேண்டாம்.

டெட்டனஸ் நச்சு 150 கிலோடால்டன் எடையுள்ள புரதம். அதில் 50 கிலோடால்டன் உள்ள லேசான சங்கிலிதான் கத்தி; நரம்புக்குள் போய் சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டுவது அதுதான். மீதி 100 கிலோடால்டன் கனமான சங்கிலி. அதன் வால்பாதிக்குப் பெயர் சி துண்டு. நரம்பைப் பிடித்துக்கொள்ள மட்டும் அதற்குத் தெரியும், வெட்டத் தெரியாது. ஆனால் நம் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்க அந்தத் துண்டே போதும். பாம்பின் பல் போய்விட்டது, பாம்பை அடையாளம் மட்டும் காட்டுகிறது.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. இது கல்லூரி ஆய்வகத்தில், நிறுவன உயிரிப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியோடு செய்யும் வேலை.

1. மரபணு

டெட்டனஸ் கிருமியின் டிஎன்ஏவில் ஏ, டி எழுத்துகள் மிக அதிகம். அதை அப்படியே, ஆய்வகத்தில் புரதம் செய்யப் பயன்படும் பாக்டீரியாவான ஈ.கோலைக்குள் வைத்தால், பழக்கமில்லாத சொற்களைப் படிக்கத் திணறி அது அரைகுறையாக நிறுத்திவிடும். அதனால் 451 அமினோ அமிலங்களுக்கான வரிசையை ஈ.கோலைக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, செயற்கை மரபணுவாக ஆர்டர் செய்துவிடுங்கள். பெட்-28ஏ என்ற பிளாஸ்மிடில் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்), முன்னால் ஆறு ஹிஸ்டிடின் வாலோடு வரட்டும். பிற்பாடு புரதத்தைப் பிடித்து இழுக்க அந்த வால்தான் கைப்பிடி.

2. ஈ.கோலைக்குள் ஏற்றுவது

பிஎல்21 டிஇ3 என்ற ஈ.கோலை செல்களில் பிளாஸ்மிடைக் கலந்து, ஐஸில் அரை மணி நேரம், 42 டிகிரியில் 45 நொடி, மறுபடி ஐஸ். எல்பி என்ற ஊட்டச் சாற்றில் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வளரவிட்டு, பிளாஸ்மிட் இல்லாத செல்லை வளரவிடாத கனாமைசின் தட்டில் தடவி இரவு முழுக்க 37 டிகிரியில் வையுங்கள். காலையில் ஒரு காலனியை எடுத்து 5 மில்லி எல்பியில் வளர்த்து, கொஞ்சத்தைக் கிளிசராலில் உறைய வைத்துவிடுங்கள்.

3. தூண்டுதல், வெயில், ஏசி

இங்கேதான் முதல் தடவை எனக்குச் சறுக்கியது. அழகர் ஆற்றில் இறங்கிய வாரம் அது. 2 லிட்டர் குடுவையில் 500 மில்லி எல்பி, செல் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் கலங்கல் அளவு (ஓடி) 0.6 வந்ததும், மரபணுவைத் தூண்டிவிடும் ஐபிடிஜியை விட்டேன். 18 டிகிரியில் 16 மணி நேரம் என்று குறிப்பில் இருந்தது. எங்கள் ஷேக்கருக்குச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. "அறை வெப்பநிலையிலேயே விடலாமே" என்று விட்டுவிட்டேன். குறிப்பு எழுதியவரின் அறை 22 டிகிரியாக இருக்கலாம். சித்திரையில் மதுரையின் அறை 36.

மறுநாள் பார்த்தால் புரதம் அத்தனையும் திரிந்த பால் மாதிரி, செல்லை உடைத்துச் சுற்றியபின் அடியில் படியும் பெல்லட்டில் கட்டியாகக் கிடந்தது, மேலே நின்ற தெளிவில் ஒன்றுமில்லை. சூட்டில் செல் புரதத்தை அவசர அவசரமாக உற்பத்தி செய்கிறது. அது ஒழுங்காக மடங்குவதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது.

எங்கள் ஆய்வகத்து அக்கா ஒருவர் சொன்னபடி ஷேக்கரை ஏசி அறைக்கு மாற்றினேன். குடுவையை ஐஸ் தண்ணீரில் கால் மணி நேரம் ஆறவைத்து, ஐபிடிஜியை 0.2 மில்லிமோலாராகக் குறைத்து, இரவு முழுக்க 20 டிகிரியில் விட்டேன். கரைந்த புரதம் வந்தது. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டி இருக்கட்டும். ஐபிடிஜி விடும் முன் குடுவையிலிருந்து ஒரு மில்லி எடுத்துத் தனியாக வையுங்கள், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஒப்பிட வேண்டும்.

4. உடைத்துப் பிரிப்பது

செல்களைச் சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, 50 மில்லிமோலார் பாஸ்பேட், 300 மில்லிமோலார் உப்பு, 20 மில்லிமோலார் இமிடசோல் உள்ள பிஎச் 8 பஃபரில் கரைத்து, லைசோசைம் போடுங்கள். அப்புறம் ஐஸில் வைத்தே சோனிகேட் செய்யுங்கள், அதாவது ஒலியலையால் செல்லை உடையுங்கள்: 10 நொடி ஓடினால் 20 நொடி ஓய்வு. குழம்பு நுரைத்தால் முனை மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம்.

மறுபடி சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் தெளிவை, ஹிஸ்டிடின் வால் ஒட்டிக்கொள்ளும் நிக்கல் ரெசினில் விட்டு, 40 மில்லிமோலார் இமிடசோலில் கழுவி, 250 மில்லிமோலாரில் இறக்குங்கள்; இமிடசோல்தான் வாலை நிக்கலிலிருந்து விடுவிக்கும். 12 சதவீத ஜெல்லில் 50 கிலோடால்டனுக்குச் சற்று மேலே கனமான பட்டை நிற்க வேண்டும். ஐபிடிஜி விடாத மாதிரியில் அந்தப் பட்டை இருக்காது, அல்லது மங்கலாகத்தான் இருக்கும். பிறகு இமிடசோலை நீக்க, பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலில் டயாலிசிஸ். மிச்ச செல், பாட்டில் எல்லாம் 121 டிகிரி ஆட்டோகிளேவுக்குப் போகட்டும்.

5. சரியாக மடங்கியதா?

ஜெல் எடையைத்தான் சொல்லும், உருவத்தைச் சொல்லாது. எதிர்ப்பொருள் ஒட்டுகிறதா என்று நிறத்தால் காட்டும் எலிசா தட்டின் குழிகளில் சி துண்டைப் பூசி, சில குழிகளில் வெறும் பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்) வையுங்கள். ஆபத்தான காயங்களுக்குப் போடும் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் (தயார் எதிர்ப்பொருள்) மருந்தை நீர்த்து ஊற்றி, நொதி ஒட்டிய இரண்டாம் எதிர்ப்பொருளையும் பிறகு டிஎம்பி என்ற நிறப்பொருளையும் சேர்த்தால், துண்டுள்ள குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சள். பிஎஸ்ஏ குழி வெளுத்தே நிற்க வேண்டும்.

6. எதிர்ப்பொருளுக்குப் போகும் முன்

ஒரு வேடிக்கை: டெட்டனஸ் துண்டு சாது. ஆனால் அதைச் செய்து கொடுத்த ஈ.கோலையின் வெளிச்சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின் காய்ச்சலைக் கிளப்பும். டிரைட்டான் எக்ஸ்-114 என்ற சோப்பு போன்ற பொருள் கொண்டு அதைப் பிரித்து, குதிரைலாட நண்டின் ரத்தத்திலிருந்து வரும் எல்ஏஎல் சோதனையில் அளந்து பாருங்கள். மனிதருக்குப் போடும் தடுப்பூசி என்றால் இதற்கு மேல் எவ்வளவோ இருக்கிறது, அது தொழிற்சாலை வேலை.

எதிர்ப்பொருள் உண்டாக்க முயலுக்கு இந்தத் துண்டை ஊசி போடுவதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி தனியாக வேண்டும். பயிற்சி பெற்றவர் கையால்தான் போட வேண்டும், நாம் போடக் கூடாது. பிறகு ஒப்பிடுவதற்காக, முதல் ஊசிக்கு முன்பே முயலின் ரத்தம் கொஞ்சம் எடுத்து உறைய வைக்கச் சொல்லுங்கள். மூன்று ஊசி முடிந்த பிறகு அதைக் கேட்டால் எங்கும் கிடைக்காது.