முதல் கடையை மூடும்போது எதை எடுத்து வைப்பது?

இணையத்தில் தொழில் தொடங்கச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் மூன்று தொடங்கி, இரண்டை மூடியவன். ஒன்றை மூடிவிட்டு அடுத்ததற்குப் போகும் வழியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

2016இல் காவேரிப்பட்டணம் தோப்புகளில் செந்தூரா, அல்போன்சா மாம்பழங்களை வாங்கி, ஐந்து கிலோ பெட்டிகளாகக் கட்டி, பெங்களூரு அப்பார்ட்மெண்ட்களுக்கு இணையதளம் வழியாக விற்றேன். கிருஷ்ணகிரியிலிருந்து விடிகாலையில் வண்டி கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு முன் பழம் போய்விடும். ஆனால் பழம் மூன்று மாதம், சம்பளமும் வாடகையும் பன்னிரண்டு மாதம். மூன்றாவது வருடம் மூடினேன்.

மூடுவதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்குங்கள். விற்ற பொருளை மறந்துவிட்டு, அதை விற்பதற்காக நீங்களே செய்துகொண்ட கருவிகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னிடம் இருந்தது ஒரு சின்ன மென்பொருள். வண்டி எந்த பிளாக்குக்கு முதலில் போக வேண்டும், எந்த வீட்டில் பாக்கி என்று காட்டும். பால் ஊற்றும் அண்ணன் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதை எனக்குக் குடுங்க, மாசம் எவ்வளவு?" என்றார். அதுதான் இரண்டாவது தொழில்.

ஸ்லாக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவர்ட் பட்டர்ஃபீல்டுக்கும் இப்படித்தான் நடந்தது. அவருடைய கிளிட்ச் என்ற இணைய விளையாட்டு 2012இல் மூடப்பட்டது. அந்தக் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவிதான் 2013இல் ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியாக வெளிவந்தது. அதற்கு முன் அவர் தொடங்கிய, புகைப்படங்களைப் பகிரும் ஃபிளிக்கர் தளமும் வேறொரு விளையாட்டைச் செய்யும்போது முளைத்ததே.

உங்கள் கருவி நன்றாக இருக்கிறது என்று பத்துப் பேர் சொல்வதைக் கணக்கில் எடுக்காதீர்கள். மூன்று பேர் முதல் மாதமே பணம் கட்டினால் தொடங்குங்கள்.

மூடும்போது தோப்புக்காரர் பாக்கியையும் டிரைவர் சம்பளத்தையும் முதலில் தீருங்கள். நான் நகையை அடகு வைத்துத் தீர்த்தேன். பின்னாளில் என்னைத் தருமபுரி புளி வியாபாரியிடம் அழைத்துப் போனவர் அந்தத் தோப்புக்காரர்தான். கொட்டை எடுக்க எந்த வீட்டுக்கு எத்தனை கிலோ புளி போனது, எவ்வளவு திரும்பி வந்தது, கூலி எவ்வளவு என்று கணக்கு வைப்பதுதான் இப்போது என் மூன்றாவது தொழில். பால்காரருக்குச் செய்த அதே கணக்கு, ஆள்தான் வேறு.

அப்புறம் ஜிஎஸ்டி. விற்பனை நின்றால் பதிவு தானாக ரத்தாகாது. ஆர்இஜி-16 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10 என்ற கடைசிக் கணக்கையும் கொடுக்க வேண்டும். நான் இதை விட்டுவிட்டுத் தாமதக் கட்டணம் கட்டினேன்.

டொமைனை, அதாவது உங்கள் இணையதளத்தின் பெயரை, உடனே விட்டுவிடாதீர்கள். காலாவதியானால் வேறொருவர் வாங்கி, உங்கள் பழைய மின்னஞ்சல் முகவரிக்கு வருவதையெல்லாம் படிக்கலாம். அந்த முகவரி கொடுத்திருக்கும் வங்கி, பேமென்ட் கணக்கு எல்லாவற்றிலும் முதலில் அதை மாற்றுங்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.