ஒரு தாள், ஐந்து விரல்: சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம்

சென்னையில், மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். பொம்மலாட்டத்தை வகுப்புக்குள் கொண்டுவந்த முதல் வருடம், பொம்மை செய்வதில்தான் ஆரம்பித்தேன். 38 பிள்ளைகள், ஐப்பசி மழை, பசை காயவே இல்லை. நூலில் முடி ஒட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. ஒரு பொம்மைகூட ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடமே வரிசையை மாற்றிவிட்டேன். முதல் நாள் பேச்சு, மறுநாள்தான் தாளும் கத்தரிக்கோலும்.

முதல் நாளுக்குத் துவைத்த பழைய சாக்ஸ் ஒன்று போதும். கண், மூக்கு எதுவும் வேண்டாம். கையை உள்ளே விட்டு, நான்கு விரலை மேல்தாடையாகவும் கட்டை விரலைக் கீழ்த்தாடையாகவும் வையுங்கள். சாக்ஸ் பேசும்போது நீங்கள் பிள்ளைகளைப் பார்க்காதீர்கள், சாக்ஸையே பாருங்கள். நீங்கள் பார்க்கும் இடத்தைத்தான் அவர்களும் பார்ப்பார்கள். என் சாக்ஸ் சத்தமாகப் பேசாது, என் காதில் மட்டும் கிசுகிசுக்கும். "இன்னா டீச்சர் சொல்லுது?" என்று முன்வரிசை கேட்கும். "உங்க பேரு தெரியணுமாம்" என்பேன். என்னிடம் பேர் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகூட சாக்ஸிடம் வந்து சொல்லும்.

அப்புறம் வெறுங்கையில் வாய்ப் பயிற்சி. இதை அவசரப்படுத்தாதீர்கள், பொம்மலாட்டத்தின் பாதி இதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் பேசும்போது மேல் விரல்களைத் தூக்குவார்கள். பொம்மை கூரையைப் பார்த்துக் கத்துவது போல இருக்கும். கட்டை விரல் மட்டும் கீழே இறங்க வேண்டும், ஒவ்வொரு அசைக்கும் ஒரு தடவை. நாங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துச் செய்வோம். கா-சி-மே-டு, நான்கு தடவை. தண்-டை-யார்-பேட்-டை, ஐந்து. ஒருவர் கையால் மட்டும் 'பேச', எந்த ஊர் என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பத்து நிமிடம் விளையாடினால் வாயும் கையும் சேர்ந்துவிடும். இன்னொன்றும் சொல்லிக்கொடுங்கள்: அடுத்த பொம்மை பேசும்போது நம் பொம்மை ஆடாமல் அதைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் செய்முறை. ஏ4 தாளை நீளவாக்கில் மூன்றாக மடித்து, ஓரத்தை டேப் போட்டு ஒட்டுங்கள். தட்டையான குழாய் மாதிரி ஆகிவிடும். அதைக் குறுக்கே பாதியாக மடியுங்கள். இப்போது இரண்டு நுனியும் ஒன்றாக இருக்கும். ஒரு நுனியை மேல்பக்கமாகவும் இன்னொன்றைக் கீழ்ப்பக்கமாகவும் நடு மடிப்பு வரை திருப்பி மடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் விசிறி மடிப்பு போல இருக்கும். நுனிகளில் திறந்திருக்கும் பைகளில் மேலே நான்கு விரல், கீழே கட்டை விரல். வாய் தயார். பெரியவர்கள் கைக்கு இறுக்கும், ஏழு வயதுக் கைக்குக் கச்சிதம். ஸ்டேப்ளர் வேண்டாம், உள்ளே பின் குத்தும்.

எங்கள் பிள்ளைகளை என்ன செய்யலாம் என்று கேட்டால் மீன்தான் சொல்வார்கள். சங்கராவுக்குச் சிவப்புத் துடுப்பு, வவ்வாலுக்கு அகலமான உடம்பு என்று எனக்கே திருத்தம் சொல்வார்கள். துடுப்புக்குத் துணி வேண்டுமென்றால் தெருவில் இருக்கும் டெய்லரிடம் கேளுங்கள், வெட்டு விழுந்த துணி ஒரு பை நிறையக் கொடுப்பார்.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. தடை தொடங்கிய வாரம், வகுப்பில் அதிகம் பேசாத பையன் ஒருவன் தன் சங்கராவைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கத்தில் இன்னொரு பிள்ளை கையில் ஒரு நெத்திலி, அதுதான் முதலில் கேட்டது.

"எங்க போற?"

"ஊர் சுத்த. போட் வராது, வலை வராது. ஜூன் 14 வரிக்கும் கடல் நம்மள்து."

"அப்ப எங்கப்பா இன்னா பண்ணுவாரு?"

சங்கரா கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது. "போட்டுக்கு பெயின்ட் அடிப்பாரு. நீ கூட போ."

வசனம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தால் இப்படிப் பேச்சு வராது. சூழல் மட்டும் சொல்லுங்கள்: இரண்டு மீன், ஒரு வலை. மீதியை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கை பழகிய பிறகு நிழல் பொம்மைக்குப் போகலாம். சார்ட் அட்டையில் வெட்டினால் கறுப்பு நிழல்தான் விழும். நம் ஊர் நிழல் பொம்மலாட்டமான தோல்பாவைக் கூத்தில் ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி வெளிச்சம் ஊடுருவும்படி செய்வதால்தான் திரையில் நிறம் தெரிகிறது. வகுப்பில் அதற்கு ஒரு வழி உண்டு. வெள்ளைத் தாளில் ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தி நிறம் தீட்டி, பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பின்பக்கம் தடவி, பழைய செய்தித்தாளில் ஒற்றி எடுங்கள். தாள் கண்ணாடி போல ஆகிவிடும். துடைப்பக் குச்சி ஒட்டி, வேட்டியைத் திரையாகக் கட்டி, பின்னால் செல்போன் டார்ச் பிடித்தால் சங்கரா சிவப்பாகவே நீந்தும். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் கதையை அப்போது சொல்லுங்கள். தோல்பாவைக் கூத்தில் சிரிக்க வைக்கும் ஜோடி அது, பிள்ளைகளுக்குப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

மரப்பொம்மலாட்டத்தைப் பற்றியும் சொல்வேன். சில பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்து கிலோ எடை. நூல்களை, ஆட்டுபவர் தன் தலையில் அணிந்த இரும்பு வளையத்தில் கட்டி, பொம்மையின் கைகளைக் கம்பியால் இயக்குவார். பத்து கிலோ அரிசிப் பையை ஒரு நிமிடம் தூக்கிக் காட்டினாலே அந்தக் கலைஞர்கள் மேல் மரியாதை வந்துவிடும்.

கடைசியாக, பொம்மைகளை பீரோவில் பூட்டாதீர்கள். பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு கொடி கட்டி, துணி கிளிப்பில் மாட்டி வையுங்கள். காலையில் மணி அடிப்பதற்கு முன்பே எங்கள் வகுப்பில் நான்கைந்து மீன்கள் பேசிக்கொண்டிருக்கும்.