பூங்காவன இரவுக்கு ஒரு பாயும் கொஞ்சம் கச்சானும்

கோடை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிறவர்களிடம் பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் இருக்கும். நல்லூர், நயினாதீவு, கீரிமலை, கசூரினா கடற்கரை, யாழ் நூலகம், நேரம் இருந்தால் நெடுந்தீவு. எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் நீங்கள் நிற்கும் கிழமையில் உங்கள் ஊர்க் கோயிலில் திருவிழா நடந்தால், அங்கே நடக்கும் சினிமாப் பாட்டுக் கோஷ்டிக்கு ஓர் இரவை ஒதுக்கி வையுங்கள். நான் மாமியின் சொல்லைத் தட்ட முடியாமல், அரை மணி நேரம் இருந்துவிட்டு வரலாம் என்று போனவள். விடிய 2 மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தேன். அப்படி ஓர் இரவுக்கு எப்படித் தயாராவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் திகதி. யாழ்ப்பாணத்து ஊர்க் கோயில்களில் கொடியேற்றத் திருவிழாக்கள் பெரும்பாலும் பங்குனிக்கும் ஆவணிக்கும் இடையில் வரும். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் மணல் வீதியில் ஒன்றும் செய்ய முடியாது. நாள்கள் நட்சத்திரத்தையும் திதியையும் பார்த்து வைக்கப்படுவதால் ஒவ்வொரு வருடமும் நகரும். போன வருடம் இந்தத் திகதிதானே என்று நம்பி டிக்கெட் எடுக்காமல், ஊரில் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். கொடியேறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு மகோற்சவ விஞ்ஞாபனம் என்று ஒரு நோட்டீஸ் அடிப்பார்கள். இப்போது அதைப் படம் எடுத்து ஊர் வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடுகிறார்கள். எந்த நாள் யாருடைய உபயம், எந்த நேரத்துக்குப் பூசை என்பதெல்லாம் அதில் இருக்கும். அடியில் சின்ன எழுத்தில் ‘இன்னிசை நிகழ்ச்சி’ என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். தேர், தீர்த்தம் எல்லாம் முடிந்து கொடியிறக்கிய மறுநாள் வரும் பூங்காவனத்தன்றுதான் அது அநேகமாக இருக்கும். சில ஊர்களில் தேருக்கு முதல்நாள் வரும் சப்பறத்தன்று வைப்பார்கள்.

நோட்டீஸில் இரவு 8 மணி என்று இருந்தால், சுவாமி வீதி சுற்றி வந்து இருப்புக்குப் போன பிறகு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதற்காக 10 மணிக்குப் போனால் போதும் என்று இருந்துவிட வேண்டாம். பூங்காவனத்தன்று பூந்தண்டிகையோ ஊஞ்சலோ, அந்தக் கோயிலின் வழக்கப்படி சுவாமிக்குச் செய்யும் அலங்காரத்தைப் பார்க்கவே முன்கூட்டிப் போக வேண்டும். இன்னொரு காரணம், ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுத்துத்தான் நிகழ்ச்சி வைக்கிறார்கள். அனுமதித்த நேரம் முடிந்ததும் நிறுத்திவிடும் ஊர்களும் உண்டு.

உடுப்பைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. கோயிலுக்குள் போனால் ஆண்கள் சேட்டைக் கழற்ற வேண்டும். வெளிவீதியில் இருந்து பாட்டுக் கேட்கச் சேட்டுடன் இருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு சுடிதார் போதும், சேலைதான் வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அரைக் காற்சட்டையோடு வர வேண்டாம். செருப்பைக் கழற்றும் இடத்தில் ஓர் அடையாளம் பார்த்து வையுங்கள், நடுச்சாமத்தில் இருநூறு சோடி செருப்புக்குள் தேட வேண்டிவரும். பாய் ஒன்று, தண்ணீர்ப் போத்தல், சின்ன டோர்ச், நுளம்புக்குப் பூசும் கிறீம், இவ்வளவும் கட்டாயம். டெங்கு இருக்கிற இடம், கிறீமை மறக்காதீர்கள். நடுச்சாமத்துக்குப் பிறகு பனி இறங்கும், சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஒரு போர்வையும் எடுங்கள். காசு 100 ரூபாய்த் தாள்களாக இருக்கட்டும். கச்சான் விற்கிற ஆச்சியிடம் 5000 ரூபாயை நீட்டினால் அவர் பாவம், அடுத்த கடைக்கு மாற்ற ஓடுவார்.

அப்புறம் சாப்பாடு. திருவிழாக் கொடி ஏறினால் ஊரில் பெரும்பாலான வீடுகளில் மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்க மாட்டார்கள். ஆசையோடு வந்த உங்களுக்கு நண்டுக்கறி வைத்துத் தர முடியவில்லையே என்று மாமிமார் சங்கடப்படுவார்கள். நீங்களே முந்திக்கொண்டு, “மாமி, திருவிழா முடியட்டும்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை அவர்களுக்குப் பெரிய ஆறுதல். கோயில் வாசலில் கச்சான் (நிலக்கடலை), தும்பு முட்டாஸ் (பஞ்சு மிட்டாய்), ஐஸ்கிறீம் வான் எல்லாம் வரிசையாக நிற்கும். பிள்ளைகளுக்கு வளையலும் விளையாட்டுச் சாமானும் விற்கிற மணிக்கடை ஒன்றே போதும்.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். முதல் பதினைந்து நிமிடத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருகிற முக்கியமான விஷயம். எங்கள் கோயில் மேடையைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. கோபுரத்துக்கு முன்னால் பச்சையும் ஊதாவுமாகச் சுற்றும் விளக்கு, புகை விடும் பெட்டி, மினுமினுக்கும் கோட் போட்ட பாடகர். அறிவிப்பாளர் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து எதிரொலியோடு பேசினார். பிள்ளையார் பாட்டோடு தொடங்கினார்கள். ஒலிபெருக்கி இரைந்ததில் அரைவாசி சொற்கள் கேட்கவில்லை. டொரொண்டோவில் பெரிய அரங்குகளில் பாட்டுக் கேட்டுப் பழகிய என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

சவுண்ட் சரிவர அரை மணி நேரம் எடுத்தது. திறந்த வெளியில் அது இயல்பு. சனம் வந்து நிறைய நிறைய ஒலியும் மாறும், சவுண்ட்காரர் மேடைக்கும் தன் மேசைக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார். அதனால் பாயைப் பெரிய பெட்டிகளுக்கு நேர் முன்னால் விரிக்காதீர்கள். மேடைக்கு நடுவே, இருபது இருபத்தைந்து அடி தள்ளி, சவுண்ட்காரருடைய மேசைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தால் அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம்.

அங்கிருந்து பார்த்ததால்தான் எனக்கு மேடை விளங்கியது. ஓர்கன் வாசித்த தம்பி பனிக்காக ஒரு வெள்ளைத் துணியை அரைவாசிக் கட்டைகளின் மேல் போட்டிருந்தார். தேவையான பக்கத்தை மட்டும் விலக்கி விலக்கி வாசித்தார். பாடகி அக்காவின் கையில் ஒரு தடித்த, மட்டை போட்ட சி.ஆர். கொப்பி (நோட்டுப் புத்தகம்) இருந்தது. பாட்டுகள் எல்லாம் கையால் எழுதியவை. காற்றுக்குப் பக்கம் புரளாமல் இருக்க உடுப்புக் காயப்போடும் கிளிப் குத்தியிருந்தார். மேடைக்குப் பின்னால் ஒரு பாயில் அவருடைய சின்ன மகன் நல்ல நித்திரை. இரண்டு பாட்டுக்கு ஒருதரம் அவர் திரும்பிப் பார்த்துக்கொள்வார். அவ்வளவு இரைச்சலுக்கும் அந்தப் பிள்ளை அசையவில்லை.

பாட்டுகளின் வரிசைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அந்தக் கோயில் தெய்வத்துக்கு, பிறகு பொதுவாகப் பக்திப் பாடல்கள். 2017இல் காலமான ஈழத்துப் பாடகர் எஸ். ஜி. சாந்தன் இப்படியான கோயில் மேடைகளிலும் பாடிச் சனத்தின் மனதில் இடம்பிடித்தவர். அவர் பாடிய பாட்டை யாராவது எடுத்தால் வீதி முழுக்க அமைதியாகிவிடும். அதற்குப் பிறகு அறுபதுகளின் சினிமாப் பாட்டு, பிறகு இளையராஜா. பெரியவர்களுக்கு நித்திரை வருகிற நேரத்தில் பொப்பிசையும் பைலாவும் தொடங்கும். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துக்கென்று உண்டாக்கித் தந்த துள்ளல் பாட்டுகள் அவை. போர்த்துக்கேயர் விட்டுப்போன தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சு அப்படியே உட்கார்ந்திருக்கும். அந்த நேரம் பிள்ளைகள் மணலில் இறங்கி ஆடுவார்கள். உங்கள் பிள்ளைகளையும் விடுங்கள். கால் கழுவ வீட்டில் கிணறு இருக்கிறது.

அறிவிப்பாளரின் அந்த இழுவைப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளுங்கள். அது இலங்கை வானொலியின் வாரிசு. கே. எஸ். ராஜாவையும் பி. எச். அப்துல் ஹமீதையும் கேட்டு வளர்ந்த ஊர் இது. நல்ல தமிழில், நிறுத்தி, ஏற்ற இறக்கத்தோடு பேசுவதை இன்றைக்கும் ஒரு கலையாக மதிக்கிறார்கள். விருப்பப் பாட்டுக் கேட்பதும் வானொலியில் இருந்து வந்த பழக்கம்தான். ஒரு துண்டில் பாட்டின் முதல் வரியையும், யாருக்காக என்பதையும் தெளிவாக எழுதி மேடைப் பக்கம் நிற்கும் பொடியனிடம் கொடுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் பெரியம்மாவின் பெயரை எழுதுங்கள். உங்கள் பெயரைவிட அவருடைய பெயர் ஒலிபெருக்கியில் கேட்பது நூறு மடங்கு நல்லது.

எங்கள் இரவின் போக்கு மாறியது 11 மணிக்குப் பிறகு. பின்னேரம் சுவாமிக்கு வாசித்த தவில்காரர் வெறும் மேலில் சால்வையோடு மேடைக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இணுவிலும் அளவெட்டியும் தந்த மேள மரபைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு, 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயரைச் சொன்னாலே போதும். அந்த மண்ணில் தவில்காரரை யாரும் சும்மா நிற்க விடுவதில்லை. சனம் கத்த, அவரும் ஏறினார். ஒக்டோபட் என்கிற மின் தாளக் கருவி வாசித்த பொடியன் இளையராஜா பாட்டொன்றின் இடையிசையில் ஒரு சின்னத் துண்டைத் தட்டிவிட்டு நிறுத்தினான். இவர் அதை அப்படியே தவிலில் திருப்பிக் கொடுத்தார். அவன் கொஞ்சம் கூட்டினான். இவர் அதையும் வாங்கி, கடைசியில் தாளத்தை முடித்து வைக்கிற ஒரு தீர்மானம் வைத்தார் பாருங்கள், எனக்குப் பக்கத்தில் இருந்த ஐயா ஒருவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், “ஆ!” என்று எழும்பிவிட்டார். பத்து நிமிடம் நடந்தது. பாடகர் பாட்டை மறந்து கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ரசித்தார். என் மகள் காதில் இருந்து கையை எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் மாமியைக் கவனித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சொல் தவறாமல் வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். எப்படி மாமி எல்லாம் பாடம் என்று கேட்டேன். “கரண்ட் இல்லாத காலத்திலை உன்ரை மாமா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்துவார், நான் ரேடியோவை முறுக்குவன்” என்றார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றுபோன பிறகு சைக்கிள் டைனமோவில்தான் வானொலி கேட்டார்கள். ஒரு பாட்டுக் கேட்க ஒருவர் சில்லுச் சுற்ற வேண்டும். அப்படிப் பாட்டுக் கேட்டவர்கள், ஊரே அதிர ஒலிபெருக்கி போட்டால் சவுண்ட் கூடிப்போச்சு என்று ஏன் சொல்லப் போகிறார்கள்? எனக்கும் அந்த இரைச்சல் அதற்குப் பிறகு உறுத்தவில்லை.

சபையில் பெரிதாகக் கைதட்ட மாட்டார்கள். பாட்டுப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் மோட்டார் சைக்கிள்களில் சாய்ந்து நிற்கும் பொடியள் விசில் அடிப்பார்கள், பாயில் இருக்கும் பெண்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். நீங்கள் தாராளமாகத் தட்டுங்கள், கலைஞர்கள் சந்தோசப்படுவார்கள். வீடியோ எடுக்கலாம். ஆனால் ஆடுகிற மற்றவர்களுடைய பிள்ளைகளை எடுத்துப் பொதுவெளியில் போடாதீர்கள். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெளிநாட்டில் இருந்து வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அடுத்த வருட இசை நிகழ்ச்சியை உபயமாகப் பொறுப்பெடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். விருப்பம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் அங்கேயே, அந்தச் சூட்டில் தொகை சொல்லிவிட வேண்டாம். மறுநாள் பகலில் பரிபாலன சபையினரோடு இருந்து, கோஷ்டிக்கு எவ்வளவு, மேடைக்கு எவ்வளவு என்று கேட்டு, பற்றுச்சீட்டோடு கொடுங்கள். வாசித்தவர்களுக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால் என்வலப்பில் வைத்து, நிகழ்ச்சி முடிந்த பிறகு, மேடைக்குப் பின்னால் கொடுங்கள். இரவுக்கு இரவு இரண்டு ஊர் தாண்டி வானில் போய் வாசிக்கிறவர்கள். பகலில் அநேகமானவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

திரும்பிப் போவதற்கு வாகனத்தை முன்பே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் பஸ் கிடையாது, உள்ளூர் ஒழுங்கைகளில் போனைத் தட்டி ஓட்டோ எடுக்கலாம் என்றும் நம்ப முடியாது. கூட்டிக்கொண்டு வந்த ஓட்டோக்கார அண்ணையிடமே, “அண்ணை, முடிய எடுப்பன், வருவீங்களோ?” என்று கேட்டுக் கூலியையும் பேசிவிடுங்கள். அநேகமாக அவரும் அங்கேதான் எங்காவது நின்று பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மறுநாள் வைரவர் மடை, வைரவருக்குப் படையல் வைக்கும் பூசை. அன்றைக்குக் கோஷ்டி கிடையாது, விளக்குகளை எல்லாம் கழற்றிவிடுவார்கள், பாதிச் சனம்தான் வரும். அதற்கும் போங்கள். வடைமாலையில் இருந்து ஒரு வடை கிடைக்கும், முதல்நாள் பாட்டைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்பதும் அங்கேதான் கேட்கலாம்.