பேசும் பொம்மைக்கு வசனம் எழுதுவது எப்படி

தம் உதடு அசையாமல் குரல் கொடுத்து, கையிலுள்ள பொம்மையே பேசுவதாகக் காட்டுவதுதான் பேசும் பொம்மைக் கலை. அதோடு மேடையேற விரும்புகிறவர்கள் உதட்டை அடக்குவதில்தான் முதலில் மெனக்கெடுகிறார்கள். என் கணிப்பில், வசனத்தை அதற்கேற்ப எழுதப் பழகுவதே முதல் வேலை. பகரமும் மகரமும் உதடுகள் ஒட்டியும், வகரம் பல்லும் உதடும் சேர்ந்தும், உ, ஊ, ஒ, ஓ, ஔ ஆகியவை உதடு குவிந்தும் பிறக்கின்றன என்று தொல்காப்பியம் வகுத்திருப்பதால், பொம்மை தவிர்க்க வேண்டிய எழுத்துகளின் பட்டியல் நமக்கு ஆயத்தமாகவே இருக்கிறது. சொல்லின் இறுதியில் வரும் குற்றியலுகரம் உதடு குவியாமலே ஒலிப்பதால், அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

கண்ணாடி முன் நின்று, பற்களை மெல்லச் சேர்த்து, உதடுகளைச் சற்றே திறந்து, நாக்கை மட்டும் அசைத்து, "ஐயா, தராசு ஏன் தலையாட்டுது?" என்று சொல்லிப் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடமான மடுவத்துக் கணக்குப்பிள்ளையிடம் பொம்மை கேட்கும் இக்கேள்வியில் உதடு ஒட்டும் எழுத்து ஒன்றுமில்லை. கொழுந்து நிறுவையில் கிலோ கழிபட்ட தொழிலாளர்கள் நிறைந்த சபையில் சிரிப்புக்கும் குறைவிராது. ஆனால் எவர் பெயரையும் சொல்லாதீர்கள். முன்வரிசையில் மாலையோடு அவரே உட்கார்ந்திருக்கக்கூடும்.

தவிர்க்க முடியாத இடங்களில் பகரத்துக்குத் தகரத்தையும் மகரத்துக்கு நகரத்தையும் வைத்துச் சமாளிக்கலாம். அப்போது 'தம்பி' என்பது 'தந்தி' ஆகிவிடும் என்பதால், அச்சொல்லை முதலில் உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பொம்மை திருப்பிச் சொல்லும்போது சபையின் காது தானே திருத்திக்கொள்ளும்.

குரல் வயிற்றிலிருந்து வருவதில்லை. அசையும் வாயையே காது நம்புகிறது. ஆகவே ஒவ்வோர் அசைக்கும் பொம்மையின் வாய் ஒருமுறை திறக்க வேண்டும். அதையும் விரல்களை மேலே தூக்காமல் பெருவிரலைக் கீழே இறக்கியே திறக்க வேண்டும், இல்லையேல் பேசும்போதெல்லாம் தலை பின்னால் சாயும். இலங்கை மலையகத்தின் நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் காகிதக்கூழ் இளகிவிடும் என்பதால் ஸ்பொஞ்சும் துணியுமே உத்தமம்.

உதட்டைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறவர்கள் அமெரிக்கரான எட்கர் பேர்கனை நினைத்துக்கொள்ளலாம். 1937 முதல் 1956 வரை, பொம்மையைக் காண வழியே இல்லாத வானொலியில், சார்லி மெக்கார்த்தி என்ற தம் பொம்மையின் துடுக்கான வாயை நம்பியே அவர் நிகழ்ச்சி நடத்தினார். அவருடைய உதடு அசைவதைச் சார்லியே கேலி செய்ததும் உண்டு.

தொடக்கத்துக்குப் பாடசாலைக் கலைவிழாவும் கோயில் திருவிழாவும் போதும். மன்மதன், ரதி கதையான காமன் கூத்தை விடிய விடியப் பார்த்துப் பழகிய சபையானாலும், பத்து நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள். ஒரு கை பொம்மைக்குள் இருக்கும் என்பதால், ஒலிவாங்கிக்குத் தாங்கி வேண்டுமென்பதைக் கட்டணம் பேசும்போதே ஏற்பாட்டாளரிடம் சொல்லிவிடுங்கள்.