பதின்பருவ நாயகியை எழுதுவது எப்படி?

இளையோர் நாவல் எழுத முற்படும் பெரியவர்கள் பெரும்பாலும் நாயகியின் பெயரையும் தோற்றத்தையும் அவளுக்கு வரப்போகும் இடரையும் யோசிப்பதிலிருந்து தொடங்குகிறார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாகத் தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு: கதை நடந்த பொழுதுக்கும் அது சொல்லப்படும் பொழுதுக்கும் இடையே எவ்வளவு காலம் கழிந்திருக்கிறது? பதினாறு வயதில் நேர்ந்ததை நாற்பது வயதுப் பெண் நினைவுகூர்ந்து சொன்னால், நாயகி சிறுமியாகவே இருந்தாலும் நாவல் பெரியவர்களுடையதாகிவிடும்.

ஹார்ப்பர் லீ 1960இல் வெளியிட்ட 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில் ஸ்கவுட் என்னும் சிறுமியின் அனுபவங்களை வளர்ந்துவிட்ட ஸ்கவுட்டே சொல்வதால், அந்த வயதில் அவளுக்குப் புரியாதவையும் சொற்களில் தெளிந்து நிற்கின்றன. சூசன் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' (2008) இதற்கு நேர்மாறானது. பதினாறு வயது காட்னிஸ் தன்மையிலும் நிகழ்காலத்திலும் பேசுகிறாள். அடுத்த நொடியில் என்ன நேரும் என்பது வாசகருக்கு மட்டுமல்ல, அவளுக்கும் தெரியாது. டோடி ஸ்மித்தின் 'ஐ கேப்சர் தி காசில்' (1948) நாவலில் பதினேழு வயது கசாண்ட்ரா நாட்குறிப்பு எழுதுகிறாள். ஆகவே அவள் நேற்று உறுதியாக நம்பியது இன்று குலைவதை நாம் அவளோடு சேர்ந்தே அறிகிறோம்.

நிகழ்காலம்தான் வேண்டும் என்பதில்லை. இறந்தகாலத்தில் எழுதினாலும் சொல்பவள் நிகழ்ச்சியிலிருந்து சில நாட்களோ வாரங்களோ மட்டுமே தள்ளி நிற்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். முதல் வரைவு முடிந்ததும் 'அப்போது எனக்குப் புரியவில்லை', 'பின்னாளில்தான் உணர்ந்தேன்' போன்ற தொடர்களைத் தேடிப்பிடித்து நீக்குங்கள். அவை நாயகியின் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தாளர் பேசும் இடங்கள். அவளுடைய பிழையை அவளே கண்டுகொள்ளும் வாய்ப்பை அவை பறித்துவிடுகின்றன.

வயதைப் பொறுத்தவரை, இளம் வாசகர்கள் தம்மைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர்களைப் பற்றி விரும்பிப் படிப்பதால், நாயகியைப் பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையில் வைப்பது பொருத்தமானது.

உண்மையான சிக்கல் பெற்றோரிடத்தில்தான் இருக்கிறது. அன்பும் அறிவும் நேரமும் உடைய பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் நாயகியின் இடரை அவரே தீர்த்துவிடுவார். அதற்கு அஞ்சிப் பல எழுத்தாளர்கள் பெற்றோரைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். காட்னிஸின் தந்தையும் சுரங்க வெடிப்பில் இறந்தவர்தான். ஆனால் அவளுடைய தாய் உயிரோடிருந்தும் துயரத்தில் செயலிழந்துபோனதால் பசி வீட்டுக்குள் நுழைந்தது. பதினொரு வயதுச் சிறுமி வேட்டைக்காரியாக நேர்ந்தது. தாயை மன்னிக்க முடியாத ஒரு பிணக்கும் பிறந்தது. ஒரு பெரியவரின் இயலாமை இப்படிக் கதைக்குள்ளிருந்தே எழ வேண்டும். உங்கள் நாயகியின் தாய்க்கு ஒரு தொழிலையும் ஒரு கவலையையும், மகள் சொல்வது காதில் விழாமல் போவதற்கு மனிதத்தன்மையுள்ள ஒரு காரணத்தையும் கொடுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு அத்தியாயத்திலும் கதையைத் திருப்பும் முடிவு எது, அதை எடுத்தவர் யார் என்று தனித்தாளில் எழுதிவாருங்கள். தொடர்ந்து மூன்று அத்தியாயங்களில் தந்தையோ ஆசிரியரோ காதலனோ முடிவெடுத்திருந்தால், அவள் தன் கதையிலேயே விருந்தாளியாகிவிட்டாள் என்று பொருள். அந்தப் பகுதியைத் திரும்ப எழுதுவதே நல்லது.

முடிவெடுப்பவள் என்றதும் வில்லும் வாளும் ஏந்தியவளை மட்டுமே நினைக்க வேண்டாம். லாரி ஹால்ஸ் ஆண்டர்சனின் 'ஸ்பீக்' (1999) நாவலில் மெலிண்டா, கோடை விருந்தொன்றில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் காவல்துறையை அழைத்தவள். அவள் ஏன் அழைத்தாள் என்பதை அறியாத தோழிகள் அவளை ஒதுக்குகிறார்கள். பள்ளியில் அவள் பேச்சு ஏறக்குறைய நின்றுபோகிறது. ஆயினும் நம்மிடம் அவள் சொல்வது கூர்மையானது, சில இடங்களில் நகைச்சுவையும் கொண்டது. வெளியே காக்கும் மௌனத்துக்கும் உள்ளே ஓடும் பேச்சுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியே நாவலைத் தாங்குகிறது என்று நான் கருதுகிறேன். ஆகவே இளைஞர்களின் கொச்சைச் சொற்களைச் சேகரிப்பதில் காலம் செலவிடாதீர்கள்; அவை விரைவில் பழையனவாகிவிடும். அவள் எதைக் கவனிக்கிறாள், எதைச் சொல்லாமல் தாண்டிச் செல்கிறாள் என்பதில்தான் குரல் உருவாகிறது.

வரைவு முடிந்ததும் அந்த வயதினர் மூவர் நால்வரிடம் கொடுங்கள். பிடித்திருந்ததா என்று கேட்டால் மரியாதைக்காக ஆம் என்பார்கள். எந்தப் பக்கத்தில் படிப்பை நிறுத்தினார்கள், எந்த இடத்தில் 'இவள் இப்படிச் செய்யமாட்டாளே' என்று தோன்றியது என்று கேட்டு, அவர்கள் சுட்டும் பக்கங்களை முதலில் திருத்துங்கள்.