எச்பி கூட்டினால் படகு எவ்வளவு ஓடும்? பைபர் படகுக்கான மோட்டார் கணக்கு

9.9 எச்பி (குதிரைத்திறன்) மோட்டாரை இறக்கிவிட்டு 15 மாட்டினால் வேகமும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறைய. அப்படி ஆகாது. ஒரு படகில் மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூட ஏறாமல் எண்ணெய்ச் (எரிபொருள்) செலவு மட்டும் ஏறும். இன்னொரு படகில் அதே 15 எச்பி வேகத்தை இரட்டிப்பாக்கிவிடும். படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிறதா, தண்ணீர்மேல் ஏறிச் சறுக்குகிறதா என்பதைப் பொறுத்தது அது. புது மோட்டார் வாங்குமுன் போட வேண்டிய கணக்கையும், இருக்கிற மோட்டாரிலேயே தொலைந்துபோன வேகத்தை மீட்கும் வழியையும் இங்கே பார்க்கலாம்.

முதலில் படகைப் பாருங்கள்

கிழித்துப் போகும் படகுக்கு ஓர் எல்லை உண்டு. வேகம் கூடக்கூட அணியத்தில் (படகின் முன்முனையில்) எழும் அலை நீளமாகிக்கொண்டே வரும். அலையின் நீளமும் படகின் நீளமும் ஒன்றாகும்போது எல்லை வந்துவிடும்; அதைத் தாண்டினால் பின்பக்கம் பள்ளத்தில் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் போக வேண்டுமானால் படகு தான் கிளப்பிய மேட்டைத் தானே ஏற வேண்டும். இந்த எல்லையைக் கண்டுபிடிப்பது எளிது. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.5 ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 18 அடி படகில் தண்ணீர்க்கோடு 16.5 அடி என்றால் சுமார் 10 கி.மீ. தண்ணீர்க்கோடு 23 அடி என்றால் 12 கி.மீ. இந்த இடத்தில் எச்பியை இரட்டித்தாலும் ஒன்று, இரண்டு கிலோமீட்டர்தான் கூடும்.

எல்லையைத் தாண்டிச் சறுக்க இரண்டு தேவை. பின்பக்கம் அகலமாகவும் அடி தட்டையாகவும் இருக்க வேண்டும். எடைக்கு ஏற்ற எச்பி இருக்க வேண்டும். இருபக்கமும் கூராக முடியும் வள்ளத்துக்கும், அடி உருண்ட படகுக்கும் 40 எச்பி மாட்டினாலும் பின்பக்கம் இன்னும் ஆழமாகப் புதையுமே தவிர ஏறாது. அப்படிப்பட்ட படகுக்குப் பெரிய காற்றாடியை (தண்ணீரைத் தள்ளும் புரொப்பெல்லரை) மெதுவாகச் சுற்றும், நீண்ட தண்டுள்ள லாங்டெயில் டீசல்தான் சரி. அதே எச்பியில் அது நன்றாகத் தள்ளும், செலவும் குறைவு.

சறுக்க ஆரம்பித்ததைக் கண்ணாலேயே பார்க்கலாம். அணியம் முதலில் வானத்தைப் பார்த்து எழும். பிறகு மெல்ல இறங்கிப் படகு மட்டத்துக்கு வரும். பக்கவாட்டில் தெறிக்கும் நீர் பின்னோக்கி நகரும். மோட்டார் மாட்டும் பின்பலகையை விட்டுத் தண்ணீர் பிசிறில்லாமல் பிரியும். மோட்டார் சத்தமும் இளகும். அணியம் எழுந்தபடியே நின்றுவிட்டால் படகு மேட்டில் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எண்ணெய் வீணாவது இந்த நிலையில்தான்.

எடையைக் கூட்டுங்கள்

குத்துமதிப்பு வேண்டாம், எழுதியே கூட்டுங்கள். ஒரு 18 அடி பைபர் படகுக்கு இப்படி வரும்: உடல் 350 கிலோ, 25 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டார் 50, எண்ணெய் 25 லிட்டர் 20, மூன்று பேர் 200, வலையும் சாமானும் 80. ஆக 700 கிலோ. இதை எச்பியால் வகுங்கள். ஒரு எச்பிக்கு 30 கிலோவுக்குள் வந்தால் தாராளமாகச் சறுக்கும். 40 முதல் 50 வரை என்றால் இழுபறி. 50க்கு மேல் போனால் நம்ப வேண்டாம்.

நம் 700 கிலோவை 9.9 எச்பியால் வகுத்தால் 71. ஏறவே ஏறாது, முழுசாக முறுக்கினாலும் 11 கி.மீ. அளவில் நின்றுவிடும். 15 எச்பிக்கு 47. போகும்போது ஏறும், திரும்பும்போது 150 கிலோ மீன் இருந்தால் 57 ஆகிவிடும், ஏறாது. கரையிலிருந்து பறந்து போன படகு மீன்பாடு கிடைத்த நாளில் ஊர்ந்து வருவதன் காரணம் இதுதான், மோட்டார் கோளாறு அல்ல. 25 எச்பிக்கு 28; மீனோடும் 34தான். ஆகவே கணக்கை எப்போதும் மீன் ஏற்றிய எடைக்கே போடுங்கள்.

சறுக்கும் படகின் வேகத்துக்கு ஒரு வாய்பாடு உண்டு. எச்பியை மொத்த எடையால் (கிலோவில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 163 ஆல் பெருக்குங்கள். மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். சாதாரண உருவமுள்ள படகுக்கு இது நெருங்கிய விடை தரும். சறுக்காத படகுக்கு இதைப் போடக் கூடாது, விடை பொய்யாக வரும். 25 எச்பி, 700 கிலோவுக்கு 31 கி.மீ. 40 எச்பி மாட்டினால் மோட்டார் எடை 20 கிலோ கூடி 720 ஆகும், வேகம் 38. அதாவது 15 எச்பி கூட்டியதற்குக் கிடைத்தது 7 கி.மீ. சறுக்கும் நிலையிலும் எச்பியை இரட்டித்தால் வேகம் 41 சதவீதம்தான் கூடும்.

இதையே எண்ணெயாக மாற்றிப் பாருங்கள். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் முழு வேகத்தில் எச்பிக்கு மணிக்குச் சுமார் 0.45 லிட்டர் குடிக்கும் (ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 0.3). 20 கி.மீ. தூரத்துக்கு 40 எச்பி 31 நிமிடமும் 9.4 லிட்டரும் எடுக்கும். 25 எச்பி 39 நிமிடம், 7.3 லிட்டர். 9.9 எச்பியை முழுசாக முறுக்கி 11 கி.மீ.யில் போனால் 1 மணி 49 நிமிடம், 8 லிட்டர்! சின்ன மோட்டார் சிக்கனம் என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது. அதே 9.9ஐக் கொஞ்சம் தளர்த்தி 9 கி.மீ.யில் விட்டால் ஐந்தரை லிட்டர் அளவில் முடியும். கூடுதலாக அரைமணி நேரம்கூட ஆகாது. எல்லைக்குக் கீழே மெதுவாகப் போங்கள், அல்லது முழுசாக ஏறிச் சறுக்குங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் அதே கொள்ளளவுள்ள பெட்ரோல் மோட்டாரைவிடக் குறைந்த எச்பிதான் தரும். பெட்டியில் எழுதிய சிசியைப் பார்த்து ஒப்பிட வேண்டாம்.

காற்றாடியும் சுற்றும்

வாங்கிய எச்பி முழுதும் கடலுக்கு வருகிறதா என்பதைச் சொல்வது ஆர்பிஎம் (மோட்டார் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) மட்டுமே. பிளக் ஒயரில் நான்கைந்து சுற்று சுற்றிக் கட்டும் சின்ன ஆர்பிஎம் மீட்டர் போதும். சாதாரண இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கில் ஒரு சுற்றுக்கு ஒரு பொறி என்று அதை அமைக்க வேண்டும். காட்டும் எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ வந்தால் அமைப்பு தவறு. முழு த்ராட்டிலில் எந்த ஆர்பிஎம் வர வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். இந்த அளவு டூ ஸ்ட்ரோக்குகளுக்குப் பெரும்பாலும் 4500 முதல் 5500 வரை.

வழக்கமான சுமையோடு, காற்றில்லாத காலையில், முழு த்ராட்டிலில் ஒரே கோட்டில் போய்த் திரும்புங்கள். ஜிபிஎஸ் காட்டும் இரண்டு வேகத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் நீவாடும் (கடல் நீரோட்டமும்) சேர்ந்து கணக்கில் வந்துவிடும்.

காற்றாடியின் நடுக்குமிழில் 9⅞ × 11 என்பதுபோல் பொறித்திருக்கும். முன் எண் விட்டம், பின் எண் பிட்ச், அதாவது வழுக்காமல் ஒரு சுற்றில் முன்னேறக்கூடிய அங்குலம். மோட்டார் 5000 ஆர்பிஎம், கியர் விகிதம் 2.08 என்றால் காற்றாடி நிமிடத்துக்கு 2404 சுற்று. 11 அங்குலம் 0.279 மீட்டர். பெருக்கி மணிக்கணக்காக்கினால் 40 கி.மீ. ஜிபிஎஸ் 31 காட்டினால் வழுக்கல் 23 சதவீதம். வேலைப் படகுக்கு இது சரியான அளவுதான். 35, 40 சதவீதம் வழுக்கினால் எங்கோ தவறு இருக்கிறது.

ஆர்பிஎம் 4200ஐத் தாண்டவில்லை என்றால் மோட்டார் திணறுகிறது. பிட்ச் 1 அங்குலம் குறைத்தால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும். ஆகவே 11ஐக் கழற்றி 9 போட்டால் 4600 கிடைக்கும், படகு மேட்டையும் தாண்டும். பிட்ச் குறைந்தால் வேகம் குறையும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. திணறும் மோட்டாரில் நேர்மாறாகத்தான் நடக்கும். திணறலோடு நாள்கணக்கில் ஓட்டினால் பிளக்கில் கரி பிடித்து, சூடேறி, பிஸ்டன் வரை போகும். மாறாக 5500ஐத் தாண்டி அலறினால் பிட்ச் கூட்டுங்கள். சுமை தினமும் மாறும் படகுக்கு, வெறும் படகில் 5400 அளவில் நிற்கும் காற்றாடி நல்லது; மீன் ஏறினாலும் வரம்புக்குள் இருக்கும்.

மோட்டார் அலறுகிறது, படகு நகரவில்லை என்றால் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்குகிறதா என்று பாருங்கள். காற்றாடியைக் கழற்றி, உள்குழாயிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளிக்குமிழ் வரை பெயிண்டால் ஒரு நேர்கோடு போட்டு, மாட்டி ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். கோடு இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. மெதுவாக வீடு திரும்ப அது விடும், வேகம் தராது.

மோட்டார் உட்காரும் உயரம்

காற்றாடிக்கு மேலே கிடையாக ஒரு தட்டு இருக்கும். படகின் அடியில் நேர்ச்சட்டம் ஒன்றைப் பிடித்துப் பின்னோக்கி நீட்டுங்கள். தட்டு அந்தச் சட்டத்துக்கு நேராகவோ, 25 மி.மீ. கீழாகவோ இருக்க வேண்டும். நடுவில் ஏரா (அடிக்கட்டை) ஓடும் படகில் ஏராவின் அடியிலிருந்து பிடியுங்கள். 15 அங்குலப் பின்பலகைக்கு ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைக் கால்) மோட்டார், 20 அங்குலத்துக்கு லாங். 15 அங்குலப் பலகையில் லாங் ஷாஃப்டை மாட்டினால் 5 அங்குலக் கால் கூடுதலாகத் தண்ணீரில் இழுபடும். நீரும் பின்னால் மேலே தெறிக்கும். அதற்குப் பலகைக்கு மேல் கட்டை வைத்து உயர்த்துவது ஒரு வழி. அதிகம் உயர்த்தினால் திரும்பும்போது காற்றை உறிஞ்சி ஆர்பிஎம் திடீரென்று எகிறும். கூலிங் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரின் சாய்வை மாற்றும் ஊசியை முதலில் நடுத்துளையில் வையுங்கள். படகு குதிரைபோல் அணியத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டால் ஊசியைப் பலகையை நோக்கி ஒரு துளை நகர்த்துங்கள். அணியம் தண்ணீரை உழுது, சுக்கான் கனமாக இருந்தால் எதிர்ப்பக்கம். அதற்கும் முன்பு எண்ணெய் டேங்கையும் ஐஸ் பெட்டியையும் ஓரடி முன்னே தள்ளிப் பாருங்கள். மேட்டில் மாட்டும் பல படகுகளுக்கு அந்த ஓரடியே போதும், காசும் செலவில்லை.

அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பிபோன்ற உயிர்) பிடித்த படகுக்கு எந்தக் கணக்கும் செல்லாது, சுரண்டிவிட்டு வாருங்கள். இரட்டை அடுக்கு பைபரில் உள்ளே தேங்கும் நீரையும் மறக்க வேண்டாம். 50 லிட்டர் தண்ணீர் 50 கிலோ. 15 எச்பியில் இழுபறியாக நிற்கும் படகைக் கீழே தள்ள அது போதும். கரையேற்றியதும் வடிகால் திருகைத் திறந்து, அணியத்தை உயர்த்திவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள்.

எவ்வளவு வரை மாட்டலாம்?

20 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்குங்கள். விடை 52.5ஐத் தாண்டி, கையால் பிடித்துத் திருப்பும் மோட்டாராக இருந்தால், அதை 0.8 ஆல் பெருக்கி 25ஐக் கழிக்க வேண்டும். அடி முழுத் தட்டையாக, ஓரம் கூராக மடிந்த படகென்றால் 0.5 ஆல் பெருக்கி 15ஐக் கழிக்க வேண்டும். 18 அடி நீளம், 4.5 அடி அகலத்துக்கு முதல் கணக்கில் 40 எச்பி, இரண்டாவதில் 25.5, மேலே உள்ள 5இன் மடங்குக்கு ஏற்றி 30 எச்பி. நம் ஊரில் இது சட்டமில்லை. ஆனாலும் 30 வரும் படகில் 40ஐ மாட்டினால் பின்பலகையின் மூலைகளில் முடிபோல் வெடிப்பு விழுவதை வாரம் ஒருமுறை விரலால் தடவிப் பார்க்க வேண்டியிருக்கும்.

பல கம்பெனிகளின் 9.9ம் 15ம் ஒரே பிளாக்கில் வருபவை. கார்புரேட்டரிலும் காற்று, புகை போகும் வழியிலும்தான் வித்தியாசம். அதனால் 9.9ஐப் பிரித்து 15 ஆக்கித் தருவதாகச் சொல்வார்கள். சுமையோடு மொத்த எடை 600 கிலோவுக்குக் கீழே இருந்தால் வேகத்தில் பெரிய மாற்றம் தெரியும். அதற்கு மேலே என்றால் அந்தப் பணத்தில் சரியான பிட்ச் உள்ள காற்றாடி ஒன்றை வாங்குங்கள். எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சுமையில், அதே கோட்டில் ஓட்டி, ஆர்பிஎம்மையும் வேகத்தையும் டேங்க் மூடியின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.